சூசையை வளன் ஆக்கியவர்: வீரமாமுனிவரும் நம் தோட்டத்துப் பெயர்களும்

ராயப்பன், சின்னப்பன், அருளப்பன், முடியப்பன், சூசை, சவரிமுத்து, ஞானப்பிரகாசம். கெடா மாநிலத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் இந்தப் பெயர்களில் இரண்டு மூன்றையாவது கேட்டிருப்பார்கள். பாடாங் செராய், பீடோங், கூலிம், கோல கெட்டில் பக்கங்களில் விடியற்காலைப் பிரட்டில் கிராணிமார்கள் கூப்பிட்ட பெயர்கள் இவை. காதுக்கு எல்லாமே நல்ல தமிழ்ப் பெயர்கள். ஆனால், இவற்றுள் ஒன்றுகூட தமிழ்நாட்டில் பிறந்ததல்ல. யூதேயாவிலும் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் பிறந்து, தமிழ்நாட்டில் தமிழ் உடுத்திக்கொண்டு, கப்பலேறிப் பினாங்கில் வந்து இறங்கியவை.

ராயப்பர் என்றால் பேதுரு. சின்னப்பர் என்றால் பவுல். அந்தப் பெயருக்கு லத்தீனில் சிறியவர் என்று பொருள். அருளப்பர் என்றால் யோவான். கடவுள் அருள் புரிந்தார் என்பது அதன் எபிரேயப் பொருள். முடியப்பர் என்றால் ஸ்தேவான். கிரேக்க மொழியில் அந்தப் பெயர் மகுடத்தைக் குறிக்கும். சூசை என்பது யோசேப்பின் போர்த்துகீசிய வடிவம் தமிழ் நாக்கில் தேய்ந்து வந்தது. சவரி என்பது புனித சவேரியாரின் பெயர். அதுவும் ஸ்பெயின் நாட்டு ஊர் ஒன்றின் பெயரிலிருந்து வந்ததே.

இந்தப் பெயர்களை எல்லாம் ஒரே மனிதர் உண்டாக்கவில்லை. உபதேசியார்களும் குருக்களும் சாதாரண விசுவாசிகளும் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிப் புழங்கி வந்தவை. ஆனால், வேற்று நாட்டுப் பெயரைத் தமிழாக்கும் அந்த வழக்கத்தை இலக்கியத்தின் உச்சிக்குக் கொண்டுபோனவர் ஒருவர் உண்டு. அவர்தான் வீரமாமுனிவர். பரமார்த்த குரு கதை எழுதியவர் என்று நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிமுகமானவர். அந்தக் கதைக்குப் பின்னால் இருக்கும் வாழ்க்கை அதைவிடப் பெரியது.

இத்தாலியில் பிறந்த சூசை

இத்தாலியின் வடபகுதியில், மாந்துவா நகருக்கு அருகே காஸ்திலியோனே என்னும் சிற்றூரில் 1680 நவம்பர் 8ஆம் நாள் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கொன்ஸ்தான்சோ ஜுசேப்பே பெஸ்கி. ஜுசேப்பே என்பது யோசேப்பின் இத்தாலிய வடிவம். அதாவது, அவரும் ஒரு சூசைதான்.

அந்த ஊருக்கு இன்னொரு சிறப்பு உண்டு. அலோசியுஸ் கொன்சாகா என்னும் புனிதர் அங்கேதான் பிறந்தார். அந்தப் புனிதரைத்தான் தமிழ்க் கத்தோலிக்கர்கள் ஞானப்பிரகாசியார் என்று அழைக்கிறார்கள். கெடா தோட்டம் ஒன்றில் ஞானப்பிரகாசம் என்ற பெயரோடு பால்மரம் வெட்டிய ஒருவர், வீரமாமுனிவரின் சொந்த ஊர்ப் புனிதரின் பெயரைத்தான் சுமந்திருக்கிறார்.

பெஸ்கி 1698இல் சேசு சபையில் சேர்ந்தார். படிப்பை முடித்துக் குருவானதும் லிஸ்பனில் கப்பலேறி 1710இல் கோவா வந்தார். மறு ஆண்டு தமிழகத்தின் மதுரை மறைப்பணித் தளத்துக்கு அனுப்பப்பட்டார். அப்போது அவருக்கு வயது முப்பது. அதன் பிறகு அவர் இத்தாலிக்குத் திரும்பவே இல்லை.

அவருக்கு முன்னே சென்றவர்கள்

தமிழில் கிறிஸ்துவச் சொற்களின் கதை அவருக்கு ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது. 1542இல் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, எந்தச் சொல்லுக்கு எந்தத் தமிழ் என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. அதனால் பல சொற்கள் போர்த்துகீசிய மொழியிலிருந்து அப்படியே நுழைந்தன. பாதிரி என்ற சொல் அப்படி வந்தது. கும்பசாரம் அப்படி வந்தது. பழைய தலைமுறை செபத்தில் சொல்லிய இஸ்பிரீத்துசாந்து என்பது, தூய ஆவியைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்தான். சிலுவை மட்டும் வேறு வழியில், கேரளத்துப் பழைய கிறிஸ்தவர்களின் சிரியாக் மொழியிலிருந்து வந்தது.

1578இல் அன்றீக்கே அடிகளார் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்னும் சிறு நூலை அச்சிட்டார். பதினாறே பக்கம். இந்திய மொழி ஒன்றில், அந்த மொழியின் எழுத்திலேயே இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் என்று அதைச் சொல்வார்கள். கடவுளுக்கு அவர் தேர்ந்த சொல் தம்பிரான்.

1606இல் மதுரைக்கு வந்த தத்துவபோதகர் இன்னும் ஒரு படி மேலே போனார். காவி உடுத்தி, சைவ உணவு உண்டு, துறவியாக வாழ்ந்து, போர்த்துகீசியச் சொற்களுக்குப் பதிலாகத் தமிழரின் காதுக்குப் பழகிய சொற்களைக் கையாண்டார். குரு, கோயில், பூசை, வேதம், சர்வேசுரன் ஆகிய சொற்கள் கத்தோலிக்கர் வாயில் நிலைபெற அவர் பெரிய காரணம். அவர் வழியில் வந்த அருளானந்தர் 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டப்பட்டு உயிர் துறந்தார். அவருடைய இயற்பெயர் யோவான். அருள் என்ற சொல் அங்கிருந்துதான் அவர் பெயருக்குள் வந்தது.

இந்தப் பாதையில்தான் பெஸ்கியும் நடந்தார்.

பெயர் மாறிய துறவி

முதலில் அவர் தம் பெயரையே தமிழாக்கினார். கொன்ஸ்தான்சோ என்றால் நிலை தளராதவர் என்று பொருள். அதைத் தைரியநாதர் என்று ஆக்கிக்கொண்டார். பிறகு அந்தப் பெயரும் இன்னும் தமிழாகி வீரமாமுனிவர் என்று ஆனது. பிறந்த பெயரின் பொருளை இழக்காமல், அதன் ஒலியை மட்டும் விட்டுக் கொடுத்தார். அவருடைய வாழ்நாள் வேலை முழுவதும் இந்த ஒரு செயலுக்குள் அடக்கம்.

சுப்ரதீபக் கவிராயரிடம் அவர் தமிழ் இலக்கணமும் இலக்கியமும் கற்றதாகச் சொல்வார்கள். நெல்லைச் சீமையில் காமநாயக்கன்பட்டி முதலிய ஊர்களில் தொடக்கக் காலத்தில் பணியாற்றினார். பின்னர், கொள்ளிடக் கரையை ஒட்டிய ஏலாக்குறிச்சியில் பல ஆண்டுகள் தங்கினார். அங்கே அடைக்கல மாதாவுக்கு ஆலயம் எழுப்பி, அந்த ஊருக்கே திருக்காவலூர் என்று பெயர் சூட்டினார். அந்த ஊரைப் பாட்டுடைத் தலமாக வைத்துத் திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். விருத்தாசலம் பக்கத்தில் உள்ள கோணான்குப்பத்தில் மரியாளைப் பெரியநாயகி என்று அழைத்து ஓர் ஆலயம் அமைத்தார். இரண்டு ஊர்களிலும் இன்றும் திருவிழா நடக்கிறது.

ஏலாக்குறிச்சி இப்போது அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. கெடா வாசகர்களுக்கு அந்த மாவட்டம் அந்நியம் அல்ல. 1025இல் கடாரத்தின் மேல் படையெடுத்து, கடாரம் கொண்டான் என்று பெயர் பெற்ற ராஜேந்திர சோழனின் தலைநகரமான கங்கைகொண்ட சோழபுரமும் அதே மாவட்டத்தில்தான் உள்ளது. கெடா என்ற பெயரைக் கடாரம் என்று தமிழ் தன்வயமாக்கி ஆயிரம் ஆண்டு ஆகிறது. மலாய் மொழியில் விவசாயியைக் குறிக்கும் பெத்தானி, நம் வாயில் பட்டாணி ஆகி, சுங்கைப்பட்டாணி என்று நிலைத்துவிட்டது. வேற்று ஊரின் பெயரை நாக்குக்கு இசைவாக்கிக்கொள்வது நமக்குப் புதிய பழக்கம் இல்லை.

தேம்பாவணி

வீரமாமுனிவரின் பெரும் படைப்பு தேம்பாவணி. 1726இல் அது நிறைவு பெற்றது. 3 காண்டங்கள், 36 படலங்கள், 3615 பாடல்கள். வாடாத மாலை என்றும், தேன் போன்ற பாக்களால் ஆன மாலை என்றும் அந்தப் பெயருக்கு இரண்டு பொருள் சொல்வார்கள். ஸ்பெயின் நாட்டுத் துறவி ஆகிர்த மரியாள் எழுதிய நூலைத் தழுவிக் கதையை அமைத்தார் என்றாலும், கம்பனும் திருத்தக்கதேவரும் நடந்த காப்பிய வழியில்தான் அது நடக்கிறது. நாட்டுப் படலம் உண்டு. நகரப் படலம் உண்டு. யூதேயா நாட்டை வருணிக்கும்போது நெல் வயலும் தாமரைக் குளமும் நம் கண்முன் வருகின்றன.

காப்பியத்தின் தலைவர் இயேசுவின் வளர்ப்புத் தந்தையான யோசேப்பு. ஊரெங்கும் அவரைச் சூசையப்பர் என்று அழைத்துக்கொண்டிருந்தார்கள். கவிஞர் அதோடு நிற்கவில்லை. யோசேப்பு என்ற எபிரேயப் பெயருக்குப் பெருக்கம், சேர்தல் என்று பொருள். அதைக் கொண்டு அவருக்கு வளன் என்று பெயர் வைத்தார். மூன்றே எழுத்து. எதுகை மோனைக்குள் இடறாமல் அமரும் சொல். திருமுழுக்கு யோவானுக்குக் கருணையன் என்று பெயர் தந்தார். கடவுளின் கருணை என்ற மூலப்பொருள் அதில் அப்படியே இருக்கிறது. ஜுசேப்பே என்று பெயர் பெற்ற ஒருவர், தம் பெயர்க்காவலரான புனிதரை வளன் ஆக்கித் தமிழுக்குத் தந்தார். வளன், வளனார், வளனரசு என்று இன்றும் பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

எல்லாப் பெயரையும் அவர் இப்படி மாற்றவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. சில பெயர்களுக்குப் பொருளை எடுத்தார். சிலவற்றை ஒலியோடு விட்டுவைத்தார். எலிசபெத் எலிசபெத்தாகவே காப்பியத்தில் வருகிறார். கித்தேரி அம்மாள் அம்மானை என்று ஒரு புனிதையின் வரலாற்றைப் பாடியபோதும் பெயரின் ஒலியை மாற்றவில்லை. தமிழ் நாக்குக்கு ஏற்ப வளைத்தார், அவ்வளவுதான்.

ஏ, ஓ தந்த கை

பெயர்களைத் தமிழில் எழுதப் போனால் இன்னொரு சிக்கல் இருந்தது. பழைய எழுத்தில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே வடிவம். ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் அப்படியே. குறிலுக்கு மேலே புள்ளி வைப்பது இலக்கண விதி. ஆனால், ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று பலரும் வைப்பதில்லை. அதனால் எரியா ஏரியா, கொடியா கோடியா என்று படிப்பவர்தான் இடம் பார்த்து ஊகிக்க வேண்டும்.

தமிழ்ச் சொல்லானால் ஊகிக்கலாம். கேள்விப்படாத வேதாகமப் பெயரானால் எப்படி ஊகிப்பது? எருசலேம், எகிப்து, ஏவாள், ஏரோது, யோவான், பெத்லகேம் ஆகிய பெயர்களில் எங்கே குறில், எங்கே நெடில் என்று ஓலை சொல்லாது. வீரமாமுனிவர் ஏகாரத்துக்குக் கீழே ஒரு காலும், ஓகாரத்துக்குக் கீழே ஒரு சுழியும் கொடுத்தார். உயிர்மெய்யில் நெடிலுக்கு இரட்டைச் சுழிக் கொம்பு வந்தது. இந்தச் சீர்திருத்தம் அவர் பெயரில்தான் வழங்குகிறது. சமயம் எதுவானாலும், இன்று கெடாவில் ஒரு தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டுப் பிள்ளை ஏணி என்றும் ஓடம் என்றும் எழுதும்போது, அந்தத் துறவி செய்த வேலையைத்தான் கையாளுகிறது.

1732இல் அவர் தொகுத்த சதுரகராதி, சொற்களை அகர வரிசையில் அடுக்கிய முன்னோடி. பெயர், பொருள், தொகை, தொடை என்று நான்கு பகுதிகள். ஐந்திலக்கணத்துக்குத் தொன்னூல் விளக்கம் எழுதினார். பேச்சுத் தமிழுக்கு லத்தீன் மொழியில் இலக்கணம் எழுதினார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தார். பரமார்த்த குருவின் ஐந்து சீடர்களுக்கு மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று அவர் வைத்த பெயர்களே அவருக்குத் தமிழின் மேல் இருந்த பிடிப்பைக் காட்டும். ஐந்து பெயருக்கும் பொருள் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

தரங்கம்பாடியோடு பிணக்கு

வீரமாமுனிவர் சாந்தமான மனிதர் மட்டும் அல்லர். சண்டைக்கும் நின்றவர். அவர் வருவதற்கு ஐந்து ஆண்டு முன்பு, 1706இல் தரங்கம்பாடியில் லுத்தரன் சபையைச் சேர்ந்த சீகன்பால்கு வந்து இறங்கினார். அவர் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து, 1715இல் அச்சிட்டு முடித்தார். சாதாரண மக்கள் வேதத்தைத் தாங்களே படிக்க வேண்டும் என்பது அந்தச் சபையின் நோக்கம். அதற்காக எளிய பேச்சுநடையைக் கையாண்டார்கள். அந்த நடை வீரமாமுனிவருக்குப் பிடிக்கவில்லை. அவர்களுடைய கொள்கையையும் தமிழையும் கண்டித்து வேத விளக்கம் முதலிய நூல்களைக் கடுமையாகவே எழுதினார். பதிலுக்கு அங்கிருந்தும் மறுப்புகள் வந்தன.

ஆனாலும், அவருடைய பேச்சுத் தமிழ் இலக்கணம் 1738இல் அச்சானது எங்கே தெரியுமா? அதே தரங்கம்பாடி அச்சுக்கூடத்தில்தான். கொள்கையில் எதிரி என்றாலும், தமிழ் கற்க அவருடைய நூலைவிட நல்ல நூல் இல்லை என்று லுத்தரன் குருக்கள் கண்டுகொண்டார்கள்.

அந்தப் பிணக்கின் தடம் பெயர்களில் நெடுங்காலம் தங்கியது. ஒரே புனிதர், கத்தோலிக்கர் வீட்டில் ராயப்பர், சீர்திருத்தச் சபையார் வீட்டில் பேதுரு. இங்கே சின்னப்பர், அங்கே பவுல். இங்கே சேசு, அங்கே இயேசு. பெயரைக் கேட்டதுமே எந்தக் கோயில் என்று சொல்லிவிடலாம். தோட்டத்து லயங்களில் அடுத்தடுத்த வீட்டில் இருந்தவர்களும் இந்த வேற்றுமையோடுதான் வாழ்ந்தார்கள்.

கடைசி நாட்கள்

திருச்சிராப்பள்ளியை ஆண்ட சந்தா சாகிபிடம் வீரமாமுனிவருக்குச் செல்வாக்கு இருந்ததாகச் சொல்வார்கள். 1741இல் மராட்டியர் திருச்சியைப் பிடித்தபோது அந்த ஆதரவும் போனது. நாடு போரில் கலங்கியது. முதுமையில் அவர் தென்கரைக்கும், பின்னர் கேரளத்துக்கும் சென்றார். 1747 பிப்ரவரி 4ஆம் நாள் அம்பழக்காட்டில் காலமானார். அருளானந்தர் உயிர் நீத்த அதே தேதி. தமிழ் மண்ணில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த அவருக்கு அப்போது வயது 66.

1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாடு நம் கோலாலம்பூரில் நடந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தனிநாயகம் அடிகளார் அதற்கு முன்நின்றார். அவரும் கத்தோலிக்கக் குரு. அவரும் தமக்குத் தமிழ்ப் பெயர் சூடிக்கொண்டவர். இரண்டாவது மாநாடு 1968இல் சென்னையில் கூடியபோது, மெரினா கடற்கரையில் தமிழ்ப் பெரியோர் வரிசையில் வீரமாமுனிவருக்கும் சிலை வைத்தார்கள்.

பெயர்கள் நம்மிடம் வந்த வழி

கெடாவில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகியபோது ஆள் வந்த சீமைகளில் திருச்சி, தஞ்சாவூர், தென்னார்க்காடு முக்கியமானவை. வீரமாமுனிவர் நடந்து திரிந்த மண்ணும் அதுவே. நாகப்பட்டினத்தில் ஏறியவர்கள் பெட்டியில் கொண்டுவந்தது கொஞ்சம். பெயரைக் கொண்டுவந்தார்கள், செபத்தைக் கொண்டுவந்தார்கள், குருத்தோலை ஞாயிறு, பெரிய வியாழன், பாஸ்கு, சம்மனசு, உபதேசியார் என்ற சொற்களைக் கொண்டுவந்தார்கள். சுங்கைப்பட்டாணி கிறிஸ்து அரசர் ஆலயத்திலும், அலோர்ஸ்டார் மிக்கேல் ஆலயத்திலும், ஆண்டுதோறும் ஜூலை மாதம் கெடா மக்கள் திரளாகப் போகும் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவிலும் அந்தச் சொற்கள் இன்னும் கேட்கின்றன.

ஆனால், பெயர்கள் குறைந்துவருகின்றன. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு தமிழ்க் கத்தோலிக்கர் வழிபாட்டில் புதிய தமிழ் வந்தது. சர்வேசுரன் கடவுள் ஆனார். சேசு இயேசு ஆனார். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு விவிலியத்தில் ராயப்பர் பேதுரு என்றும், சின்னப்பர் பவுல் என்றும் ஆனார்கள். இரண்டு சபையாரும் ஒரே பெயரைச் சொல்ல முடிந்தது நல்ல காரியம். வீரமாமுனிவர் காலத்துச் சண்டை அதனால் ஓய்ந்தது. அதே நேரத்தில், சின்னப்பன் என்பது யாருடைய பெயர் என்று பேரப்பிள்ளைக்குத் தெரியாமல் போனது. தோட்டங்கள் செம்பனையாகவும் தாமானாகவும் மாறியபோது, லயத்தோடு அந்தப் பெயர்களும் போய்விட்டன.

இதில் ஒரு நடைமுறைப் பயனும் உண்டு. பழைய கத்தோலிக்கத் திருமுழுக்குப் பதிவேடுகளில் பெயர்களை லத்தீன் வடிவில் எழுதும் வழக்கம் இருந்தது. வீட்டில் முடியப்பன் என்று கூப்பிட்டவர் ஏட்டில் ஸ்தெபானுஸ் என்று இருக்கலாம். அருளப்பன் யோவான்னெஸ் என்றும், சின்னப்பன் பவுலுஸ் என்றும், சூசை யோசெபுஸ் என்றும், ஞானப்பிரகாசம் அலோசியுஸ் என்றும் இருக்கலாம். தோட்டக் கிராணி ஆங்கிலத்தில் எழுதிய எழுத்துக்கூட்டல் வேறு. அடையாள அட்டையில் உள்ளது வேறு. தாத்தா பாட்டியின் பிறப்பு விவரம் தேடுகிற குடும்பங்கள், தமிழ்ப் பெயர் ஏட்டில் இல்லை என்று பாதியிலேயே விட்டுவிடக் கூடாது. எந்தப் பெயர் எதன் தமிழ் என்று தெரிந்தால், அந்த ஏட்டிலேயே அவர்கள் கிடைக்கக்கூடும். உரிய ஆவணம் இல்லாமல் இருக்கும் முதியவர்களுக்கு அந்த ஒரு வரி பெரிய துணையாகலாம்.

ஆகவே, வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களுடைய முழுப் பெயரையும், யாருடைய நினைவாக அந்தப் பெயர் வைக்கப்பட்டது என்பதையும், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்தக் கோயில் என்பதையும் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிறக்கப்போகும் பிள்ளைக்குப் பெயர் தேடுகிறவர்கள், வளன் என்ற மூன்றெழுத்தையும் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். முந்நூறு ஆண்டு ஆகியும் அந்தப் பெயர் பழசாகவில்லை.